மூன்று படம், ஒரு நிமிட ஓய்வு

பாபு,

சிறுத்தைக் குட்டி பிழைத்துக்கொண்டது. மறுவாழ்வு மையத்தின் கால்நடை மருத்துவர் இன்று காலை தொலைபேசியில் உறுதி செய்தார். நேற்று மாலை முதல் முறையாகத் தானே கோழியைக் கடித்துத் தின்றிருக்கிறது. ஊட்டப் போன அவருடைய கையுறையையும் சேர்த்துக் கிழித்திருக்கிறது. ஒருவர் வாயால் கேட்டதை மட்டும் வைத்து நான் எழுதமாட்டேன் என்று உனக்குத் தெரியும். கூண்டைக் கழுவுகிற வாட்சரிடமும் கேட்டேன். "கிட்டயே போக முடியலம்மா, என்னா சீறு சீறுது!" என்றார். இருவரும் சொன்னதால் எழுதுகிறேன்: உயிரோடு இருக்கிறது, கோபமாக இருக்கிறது.

தாய்ச் சிறுத்தை பற்றிய செய்தி நேற்று வந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கையை வனத்துறை ரேஞ்ச் அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். இடுப்பைச் சுற்றிய சுருக்குக் கம்பி தோலையும் தசையையும் அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. திமிறியதில் முதுகெலும்பு முறிந்திருந்தது. உடம்பெங்கும் கல்லடி, கட்டையடி. ஆனால் உயிர் போனது இவை எதனாலும் அல்ல. பின்மண்டையில் விழுந்த ஒரே அடி. உருண்டையான, கனமான இரும்பு. மடியில் பால் இருந்தது என்றும் அறிக்கையில் ஒரு வரி உண்டு. அன்று மாலையே குட்டியை யாரோ ஒரு தக்காளிக் கிரேட்டில் வைத்து, சட்டையால் சுற்றி, வனத்துறைச் சோதனைச் சாவடி வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தச் சட்டையைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

இதை உன்னிடம் நேரில் சொல்லத்தான் நினைத்தேன். நீ போனை எடுப்பதில்லை. வைட்ஃபீல்டில் உன் நண்பனின் அபார்ட்மென்ட் வரைக்கும் வந்தேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி இன்டர்காமில் பேசிவிட்டு, "சார் வெளிய போயிட்டாராம் மேடம்" என்றான். அவன் பேசும்போது இன்டர்காமில் நீ இருமியது எனக்குக் கேட்டது. உன் இருமல் எனக்குத் தெரியாதா? பஸ் ஏறி வந்துவிட்டேன். இதற்கிடையில் நம் லேஅவுட்டில் ஒரு கதை பரவி, அத்திபெலே வரைக்கும் போய்விட்டது: சிறுத்தை ஆளைக் கிழித்தது, உயிருக்குப் பயந்து தற்காப்புக்காக அடித்தார்கள். அது பொய். பொய் தெருவில் நடக்கும்போது உண்மையை உறைக்குள் போட்டு ஒட்ட எனக்கு வரவில்லை. அதனால் நான் வேலை பார்த்த பத்திரிகையின் ஞாயிறு பக்கத்திலேயே உனக்கு எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. வீட்டில் கூப்பிடும் பெயர் போதும்.

அந்தக் கேமராவை வாங்கி வந்தது நீதான். நான் ஓய்வு பெற்ற வாரம். "நீ சும்மா இருந்தா பக்கத்து வீட்டுக்காரங்களை எல்லாம் பேட்டி எடுக்க ஆரம்பிச்சுடுவே. இது பேட்டி எடுக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே டப்பாவைப் பிரித்தாய். பின்சுவருக்கு அப்பால் மழைநீர்க் கால்வாய், அதைத் தாண்டித் தைலமரத் தோப்பு, தோப்புக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரி. கால்வாய்க் கரையில் இருக்கிற புங்க மரத்தில் முழங்கால் உயரத்தில் அதைக் கட்டினோம். எதிரே சூடாக ஏதாவது அசைந்தால் தானே படம் எடுக்கும். அடுத்தடுத்து மூன்று படம். பிறகு எவ்வளவு நேரம் ஓய்வு என்பதை நாம் குறிக்க வேண்டும். நான் ஒரு நிமிடம் என்று வைத்தேன். பேட்டரி மிச்சமாகும் என்று கணக்குப் போட்டேன். நீ வேண்டாம் என்றாய். "ஒரு நிமிஷம் ரொம்ப லாங்மா. நடுவுல ஏதாவது மிஸ் ஆயிடும்." நான் சொன்ன பதில் இது: "ஒரு நிமிஷத்துல என்னடா ஆயிடப் போகுது?"

ஆரம்பத்தில் நாம் இருவரும் அதற்கு அடிமையாகிவிட்டோம். காலையில் காபி கூடக் குடிக்காமல் கார்டைக் கழற்றி வந்து லேப்டாப்பில் போடுவாய். மான், மயில் என்று ஏதோ எதிர்பார்த்தோம். வந்ததெல்லாம் கொலை. சாரைப்பாம்பின் தலையைக் கவ்விக்கொண்டு நிற்கும் கீரி. அதன் உடம்பெல்லாம் பாம்பு சுற்றியிருந்தது. அடுத்த மூன்று படத்தில் பாம்பு கயிறு மாதிரி தொங்கியது. முயல் ஒன்றைத் தெருநாய்கள் நாலு பக்கமும் இழுத்ததில் அது நாய்களின் நடுவில் விரித்துக் கட்டிய துணி மாதிரி இருந்தது. கூகையின் நகத்தில் எலி, எலியின் வாயில் இன்னும் ஒரு புல். நான் கிரைம் செய்தி பார்த்த ஆள். முகம் நசுங்கிய சடலத்தை விவரித்து எழுதிவிட்டு அதே கையோடு மதியச் சோறு தின்றவள். எனக்கே சில படங்களைத் திரும்பப் பார்க்க முடியவில்லை. நீ பார்த்தாய். "இதுல யாருக்கும் யார் மேலயும் கோபம் இல்லம்மா, கவனிச்சியா?" என்று ஒருநாள் சொன்னாய். பசிக்காகக் கொல்கிறவை முகத்தைச் சுளிப்பதில்லை என்றாய். அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய்.

பிறகு சிறுத்தை வந்தது. விடிகாலை வெளிச்சத்தில், கால்வாய் மேட்டில், கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு. நீ நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டாய். "அம்மா, நம்ம வீட்டுப் பின்னாடி! நம்ம வீட்டுப் பின்னாடிம்மா!" என் தவறு இங்கே தொடங்குகிறது. அந்தப் படத்தை லேஅவுட் வாட்ஸ்அப் குழுவில் போட்டவள் நான். வெறுமனே போடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் செய்தி ஆசிரியர் என் தாளைக் கசக்கி என் மேலேயே எறிந்தார்: "எங்கேன்னு இல்லாத நியூஸ் நியூஸ் இல்லம்மா, வதந்தி." அன்றிலிருந்து இடம் இல்லாமல் நான் ஒரு வரி எழுதியதில்லை. அதனால் படத்தின் கீழே எழுதினேன்: "சிறுத்தை. நம் பின்பக்கக் கால்வாய், மூன்றாவது மின்கம்பத்துக்கு எதிர்க்கரை, கல் கம்பம் நட்ட இடம். விடியும் நேரத்தில் தோப்பில் இருந்து குவாரிப் பக்கம் போகிறது." யாரும் கவனமாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். ஆனால் கண்ணி வைக்கிறவனுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி யார் எழுதித் தர முடியும்? எங்கே, எப்போது, எந்தப் பக்கம். நான் தந்தேன். ரேஞ்ச் அலுவலகத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் என் முதல் வரி அதுதான்.

குழுவில் அன்று முழுக்கக் கொண்டாட்டம். "ரிப்போர்ட்டர் மேடம், அடுத்தது சிங்கமா?" என்றார் ஒருவர். "மெயின்டனன்ஸ் கட்டாதவங்களை அதுகிட்ட அனுப்புங்க" என்றார் சங்கத் தலைவர் கோபால். நாம் எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரம் நம் நாய் பிரவுனி போயிற்று.

அதைப் பற்றி நாம் சரியாகப் பேசவே இல்லை. பொழுது சாயும் நேரம், நீ வீட்டுக்குள் ஆபீஸ் போன் காலில் இருந்தாய். பின்கதவைத் திறந்து விட்டவள் நான். அது வழக்கம்போல் சுவர் உடைந்த இடத்தின் வழியாகக் கால்வாய்க்குப் போனது. குரைக்கும் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. மறுநாள் கார்டில் மூன்று படம் இருந்தது. முதலாவதில் பிரவுனி முன்காலை ஊன்றிக் குரைக்கிறது. இரண்டாவதில் அதன் கழுத்து சிறுத்தையின் வாயில். கண் திறந்திருக்கிறது, நம்மைப் பார்க்கிற மாதிரி. மூன்றாவதில் வால் மட்டும். நான் அவற்றை அழித்திருக்கலாம். ஆதாரத்தை அழிக்கக் கூடாது என்ற என் தொழில் புத்தி உன்னைக் கூப்பிட்டுக் காட்டியது. நீ இரண்டாவது படத்தைப் பெரிதாக்கி, அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாய். தோப்பில் கிடைத்த மிச்சத்தைக் கறிவேப்பிலைச் செடியின் பக்கத்தில் புதைத்துவிட்டு வந்து, கையில் மண்ணோடு சொன்னாய்: "வெச்சுக்கறேன் அதுக்கு." கோபத்தில் பேசுகிறான் என்று விட்டுவிட்டேன். பசிக்காகக் கொல்கிறவை என்று சொன்னவன் நீதானே என்று அப்போது நான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

சிறுத்தை செத்த அந்த ஞாயிறு காலை நான் வீட்டில் இல்லை. கன்டோன்மென்ட் பக்கம் நம் பழைய மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தேன். அதனால் நான் கண்ணால் கண்டது கொஞ்சம்தான், கண்டதை மட்டும் சொல்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தபோது பேட்மிண்டன் கோர்ட் காலியாக இருந்தது. ஞாயிறு காலை அது காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. வலை தரையில் கிடந்தது. அதைத் தாங்குகிற இரும்புக் கம்பங்களில் ஒன்று இல்லை. வீட்டுப் பின்பக்கம் நீ வெளிக்குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாய். வெறும் பனியனில் இருந்தாய். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நீ கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். "என்னடா ஆச்சு?" என்றேன். "சிரதே மாட்டிக்கிச்சுமா" என்று சிறுத்தையைக் கன்னடத்தில் சொன்னாய். "செத்துப் போச்சு." "யார் அடிச்சது?" "எல்லாரும்." "நீ?" நீ குழாயை மூடினாய். "நான் இருந்தேன். அவ்ளோதான்." பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். கால்வாய் மேட்டில் நீலத் தார்ப்பாய் ஒன்றை விரித்துப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பாதம் வெளியே தெரிந்தது. மண் எல்லாம் ஏர் உழுத மாதிரி இருந்தது. அவ்வளவு தூரம் சுழன்றிருக்கிறது. யாருக்கும் கேமரா நினைவு வரவில்லை. அது புங்க மரத்தில் இலையின் நிறத்தில் இருந்தது.

நான் கார்டை எடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பார்த்தேன். அதில் இருப்பதை உனக்கு எழுதுகிறேன், ஏனென்றால் நீ அங்கே இருந்தாய், இருந்தவனுக்குத் தன்னைத் தெரியாது.

முதல் மூன்று படங்களில் மனிதர்கள் இல்லை. சிறுத்தை கம்பியில் மாட்டிவிட்டது. கல் கம்பத்தில் கட்டிய பைக் கிளட்ச் கேபிள். தோப்பில் காட்டுப்பன்றிக்கு வைக்கிற அதே வகை. பாய்கிறது, கம்பி அந்தரத்தில் நிறுத்தி இழுக்கிறது, உடம்பு நடுவில் மடங்கித் தரையில் விழுகிறது. இதனால்தான் தற்காப்பு என்பது பொய் என்கிறேன். ஆள் வருவதற்கு முன்பே அதனால் கம்பியின் நீளத்தைத் தாண்டி ஒரு அடி நகர முடியாது. அடுத்த மூன்றில் கால்கள் வருகின்றன. எல்லாம் விளையாட்டு ஷூ. அதற்கடுத்ததில் முகங்கள். ஒருவர் கையில் இன்னும் பேட்மிண்டன் ராக்கெட் இருக்கிறது, அதை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். ஒருவர் போனில் படம் எடுக்கிறார். கடப்பாரை, கிரிக்கெட் மட்டை, செங்கல். கோபாலின் மருமகன் செல்ஃபிக்காக முதுகைக் காட்டிக் கிட்டே போகிறார். மூன்றாவது படத்தில் அவருடைய முன்கை கிழிந்து தொங்குகிறது, வாய் பிளந்திருக்கிறது. பிறகு வருகிற படங்களில் எல்லோருக்கும் ஒரே முகம். எனக்குத் தெரிந்த முகம்தான் அது, பாபு. காய்கறி வாங்கும்போது பை பிடிக்கிற, லிஃப்ட் கொடுக்கிற, ஈஸ்டருக்குக் கேக் வாங்கிக்கொள்கிற ஆட்கள். மட்டை இறங்குகிறது. செங்கல் சிறுத்தையின் முகத்தில் பட்டுச் சிதறுகிறது. ஒரு கண் போய்விட்டது. ஒரு ஆள் சிரிக்கிறார்.

நீ கடைசிக்கு முந்தின மூன்றில் வருகிறாய். முதல் படத்தில் வலைக்கம்பம் உன் கையில். இரண்டாவதில் அதைத் தோளுக்கு மேல் தூக்கியிருக்கிறாய். மூன்றாவதில் இன்னும் தூக்கியபடியே இருக்கிறாய். பக்கத்தில் இன்னொரு கை அந்தக் கம்பத்தை நோக்கி நீள்கிறது. பிடுங்கவா, தடுக்கவா என்று தெரியவில்லை, கைக்காரரின் முகம் சட்டகத்துக்கு வெளியே. சிறுத்தை தலையைத் திருப்பி உன்னைப் பார்க்கிறது, ஒற்றைக் கண்ணால். அதன் பின்னங்கால்கள் செத்துக் கிடக்கின்றன.

பிறகு கேமரா ஓய்வெடுத்தது. நான் குறித்து வைத்த ஒரு நிமிடம்.

அதன் பின் எடுத்த படத்தில் சிறுத்தை படுத்துவிட்டது. கம்பம் தரையில். ஆட்கள் விலகி நிற்கிறார்கள். நீ கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்திருக்கிறாய். உன் முகத்தைத் தேடி எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. இல்லை.

கார்டு நகத்தளவு. வாயில் போட்டு விழுங்கித் தண்ணீர் குடித்துவிடலாம். அப்படி நினைத்தேன், அதை உன்னிடம் மறைக்கவில்லை. உன் ஜெர்மனி விசா வந்த தாள் அதே மேஜையில், சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருந்தது. அப்போதுதான் கோபால் வந்தார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"மேடம், உங்க கேமரா அங்கதானே இருந்துச்சு?"

"அங்கதான் இருக்கு."

"கார்டு?"

"என்கிட்ட இருக்கு."

அவர் உட்கார்ந்தார். "என் மருமகனுக்குக் கை பூரா தையல். நாளைக்கு யாராவது வந்து கேட்டா, மழைத் தண்ணி போயிடுச்சு, கெட்டுப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மெஷின்தானே."

"மழையே பெய்யலையே கோபால்."

"சும்னே எதுக்கு மேடம் வம்பு? உங்க பையனும்தான் அதுல இருக்கான். எங்களுக்காக வேணாம். அவனுக்காகச் சொல்லுங்க. பாரின் போற புள்ள."

அவர் கெட்டவர் இல்லை. உன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று காரை எடுத்தவர் அவர்தான். அதனால்தான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்து முடித்ததும் புடவையை மாற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்து ரேஞ்ச் அலுவலகத்துக்குப் போய்க் கார்டைக் கொடுத்துவிட்டேன். கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்கினேன். திரும்பி வந்தபோது நீ பெட்டியோடு வாசலில் நின்றாய். கோபால் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

"ஊர்ல இருக்கறவன் பேரையெல்லாம் பேப்பர்ல போட்டே. கடைசியில என்னையே லீட் ஸ்டோரியா போட்டுட்டே, இல்ல?"

"நான் யார் பேரையும் சொல்லலடா. கார்டைக் கொடுத்தேன்."

"என் மூஞ்சி இருக்கு அதுல!"

"இருக்கு. அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு அதுல இல்ல. நீ சொல்லு."

"சொன்னா நம்புவியா?"

நான் உடனே ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தாயாக இருப்பவள் அப்படித்தான் சொல்லுவாள். "விசாரிச்சிட்டு நம்புவேன்" என்றேன். நீ சிரித்தாய். அது நல்ல சிரிப்பு இல்லை. போய்விட்டாய்.

அந்தப் பதிலுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கார்டைக் கொடுத்ததற்காகக் கேட்கமாட்டேன். ஏன் என்று சொல்ல, நீ பிறப்பதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். காவிரித் தகராறில் இந்த நகரம் எரிந்த நாட்கள். உன் அப்பாவும் நானும் ஸ்கூட்டரில் ஓசூர் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். பொம்மனஹள்ளி தாண்டும்போது ஒரு கும்பல் மறித்தது. பக்கத்தில் லாரி ஒன்று எரிந்துகொண்டிருந்தது, டயர் வெடிக்கிற சத்தம். "ஹெசரேனு?" என்று பெயர் கேட்டான் ஒருவன். அப்பா பெயரைச் சொன்னார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். ஒரு புனிதரின் பெயர், அதில் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. நல்ல கன்னடத்தில் இரண்டு வாக்கியம் பேசினார். விட்டார்கள். நான் வாயையே திறக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற லாரி டிரைவருக்கு அப்படிப்பட்ட பெயர் இல்லை. அவரைக் கீழே இழுத்துப் போட்டார்கள். அவர் "அய்யோ" என்றது ஒருமுறை கேட்டது. அப்பா வண்டியை விரட்டினார். திரும்பிப் பார்த்தேன். அந்தக் கும்பலின் ஓரத்தில், கையில் சைக்கிள் செயினோடு, எங்கள் தெருவில் ரேடியோ கடை வைத்திருந்தவர் நின்றார். அந்த இரண்டு நாளும் எங்களை வீட்டுக்குள் வைத்துச் சோறு போட்ட பக்கத்து வீட்டுக்காரரும் கன்னடக்காரர்தான். அதனால் இதை மொழிக்கதையாகப் படிக்காதே.

ஊர் அடங்கியது. ரேடியோ கடை திறந்தது. வேறு கடை இல்லாததால் எங்கள் மிக்ஸியை அங்கேதான் ரிப்பேருக்குக் கொடுத்தோம். நான் ஒன்றுமே கேட்கவில்லை. அவராகவே, ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நான் சும்மா நின்னேன் அக்கா. அடிக்கல." ஆறு மாதம் கழித்து மறுபடி போனேன். "நின்னேன் அக்கா, அவ்ளோதான்." நீ பிறந்து, நடந்து, அந்தக் கடைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதும், உன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அதையே சொன்னார். அவரை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவே இல்லை. விசாரித்திருந்தால் அடித்தேன் என்றோ இல்லை என்றோ ஒருமுறை சொல்லி, அதற்கு உரியதை அனுபவித்து, முடித்திருப்பார். யாரும் கேட்காததால், கேட்காதவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே கிழவரானார். நீ குழாயடியில் "நான் இருந்தேன், அவ்ளோதான்" என்றபோது எனக்குக் காதில் விழுந்தது உன் குரல் இல்லை.

இப்போது சட்டை. வனத்துறைக்காரர் கிரேட்டையும் அந்தச் சட்டையையும் எனக்குக் காட்டினார். உன் ஆபீஸில் கொடுத்த சாம்பல் நிற டி-ஷர்ட். காலரின் உள்பக்கம் நான் கறுப்பு நூலால் தைத்த இடம் இருக்கிறது. குட்டி அதை நகத்தால் பிய்த்திருந்தது. தாயின் ரத்தமும் அதில் இருந்தது. அது உன்னுடையது என்று அங்கேயே சொல்லிவிட்டேன். கார்டைக் கொடுத்தவள் இதையும் சொல்ல வேண்டும் அல்லவா. குட்டி பதுங்கியிருந்தது கால்வாயில் இருக்கிற சிமென்ட் குழாய்க்குள் என்கிறார் அவர். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு நீ அதற்குள் ஊர்ந்து போயிருக்கிறாய். குட்டி உன் கையைக் கடித்திருக்கும், அதைத்தான் கழுவிக்கொண்டிருந்தாயோ என்னவோ. அல்லது கம்பத்தைக் கழுவினாயோ. மாலையில் அந்தக் கம்பம் கோர்ட்டில் பழைய இடத்தில், ஈரமாக, வலை கட்டி நின்றது. எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதமாட்டேன், நல்லதாக இருந்தாலும்.

ஒரு தாயாக நான் விரும்புவது, அந்தச் சட்டையே எல்லாவற்றுக்கும் பதிலாக இருக்க வேண்டும் என்பது. ஆனால் அது அந்த ஒரு நிமிடத்துக்குப் பதில் ஆகாது. நான் யோசித்ததில் மூன்று விதமாக நடந்திருக்கலாம். பிரவுனிக்காக அடித்திருக்கலாம். முதுகு ஒடிந்து, கண் போய், செங்கல்லால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்ததை முடித்து வைக்க அடித்திருக்கலாம். அல்லது தூக்கிய கம்பத்தை இறக்காமலே இருந்து, வேறு ஒருவர் பிடுங்கி அடித்திருக்கலாம். மூன்றுக்கும் அந்தப் படம் பொருந்துகிறது. எது என்று உனக்கு மட்டும் தெரியும். முதலாவது என்றால் அதையே சொல். இரண்டாவதாக மாற்றிச் சொல்லாதே. மாற்றிச் சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது, நானும் நம்பிவிடுவேன், நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. அதற்குத்தான் பயப்படுகிறேன். ஊர் பேசுவது, விசா, வக்கீல் எல்லாம் அதற்குப் பிறகுதான். சட்டம் என்ன செய்யும் என்று நான் உனக்கு நம்பிக்கை கொடுக்க முடியாது. எது வந்தாலும் சோறு போட இந்த வீடு இருக்கிறது. "விசாரிச்சிட்டு நம்புவேன்" என்று சொன்ன அதே வாயால் சொல்கிறேன்: நீ எதைச் சொன்னாலும் நீ என் பிள்ளைதான். அதற்கு விசாரணை கிடையாது.

கேமராவை மறுபடி கட்டியிருக்கிறேன். ஓய்வு நேரத்தை எடுத்துவிட்டேன். பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, தீரட்டும். இதுவரை வந்தது ஒரு முள்ளம்பன்றி, இரண்டு நாய், மண்ணில் ரத்தம் காய்ந்த இடத்தை முகர்ந்து பார்க்கிற ஒரு மரநாய்.

இனி வர வேண்டியவை. சுருக்குக் கம்பியை வைத்தது யார் என்று தெரியவில்லை. கேபிள் வாங்கிய கடையைத் தேடுகிறார்கள், எப்போது தெரியும் என்று யாரும் சொல்லவில்லை. வலைக்கம்பம் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. முடிவு அடுத்த மாதக் கடைசியில் வரலாம் என்கிறார் ரேஞ்ச் அதிகாரி, ஆனால் கழுவிய இரும்பு எவ்வளவு சொல்லும் என்று அவருக்கே சந்தேகம். போனில் எடுத்த வீடியோ அழிக்கப்பட்டிருக்கிறது; மீட்க முடியுமா என்று பார்க்கிறார்கள். உன் விமானம் சனிக்கிழமை. உனக்கு வந்திருக்கிற சம்மன் வியாழக்கிழமை, காலை பதினோரு மணி, ரேஞ்ச் அலுவலகம். அது இந்த வீட்டு விலாசத்துக்குத்தான் வந்தது, நான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வாசலில் ஒரு வேப்ப மரம் இருக்கிறது, அதன் கீழே பெஞ்சு. அங்கே உட்கார்ந்திருப்பேன். உள்ளே நீ மட்டும்தான் போக முடியும்.

படங்களுக்கு நடுவில் இருக்கிற அந்த ஒரு நிமிடம் பற்றிய செய்தி இன்னும் வரவில்லை. வியாழக்கிழமை எதிர்பார்க்கப்படுகிறது.

அம்மா